ஏழரை லட்சம் டாலர் அலமாரி: ஒரு வீடியோ கேம் தொகுப்பின் விலைக்கணக்கு

2014 ஜூன் மாதம் கேம்கேவல் என்ற ஏலத் தளத்தில் ஒரே ஒரு பட்டியலுக்கான ஏலம் 7,50,250 டாலரில் முடிந்தது. பட்டியல் ஒன்றுதான், உள்ளே இருந்தவை ஏறத்தாழ 11,000 வீடியோ கேம்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ பகுதியைச் சேர்ந்த மைக்கேல் தாமசனின் தொகுப்பு அது. 10,607 கேம்கள் என்ற எண்ணிக்கையோடு உலகின் மிகப் பெரிய வீடியோ கேம் தொகுப்பு என்று கின்னஸ் அதற்குச் சான்று கொடுத்திருந்தது. 7 லட்சத்திலிருந்து 8 லட்சம் டாலர் வரை பெறும் என்று முன்பே மதிப்பிட்டிருந்தார்கள். ஏலத் தொடக்க விலை ஒரே ஒரு டாலர். முடிந்த விலையோ அந்த மதிப்பீட்டின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

மதிப்பீடும் ஏலமும் இப்படிப் பொருந்திப்போவது அபூர்வம். வீட்டில் இருநூறு முந்நூறு கேம் வைத்திருப்பவர், ஏதோ ஒரு செயலியில் எல்லாவற்றையும் பதிவு செய்து, கீழே வரும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்கிறார். அந்தத் தொகைக்கு விற்கலாம் என்றும் நம்புகிறார். பெரும்பாலும் அது நடக்காது. தாமசனுக்கு ஏன் நடந்தது, மற்றவர்களுக்கு ஏன் நடப்பதில்லை என்று பிரித்துப் பார்த்தால், ஒரு தொகுப்பின் மதிப்பைக் கணக்கு வைக்கிற வேலை என்னவென்று பிடிபடும்.

வாங்கிய விலை

தாமசனுக்குப் பன்னிரண்டு வயதில் தாத்தா பாட்டி கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தது 'காஸ்மிக் அவெஞ்சர்' கார்ட்ரிட்ஜ், அதாவது கருவியில் செருகி ஆடும் கேம் பெட்டி. அதைப் போட்டு விளையாடுவதற்கான கொலிகோவிஷன் கருவி அப்போது அவரிடம் கிடையாது. அப்படித் தொடங்கிய தொகுப்பை 2014க்கு முன்பே இரண்டு முறை முழுசாக விற்றிருக்கிறார். முதல் முறை செகா ஜெனிசிஸ் என்ற கேம் கருவி வாங்குவதற்காக. இரண்டாவது முறை 1998இல், கல்யாணச் செலவுக்காக. அதாவது ஏலத்துக்கு வந்த 11,000 கேம்களில் பெரும்பகுதி 1998க்குப் பிறகு சேர்த்தது.

ஆண்டுக்கு 3,000 டாலர்தான் பட்ஜெட், நாளுக்குச் சராசரியாக இரண்டு கேம் வாங்குவதாக அவர் சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கு 730 கேம் என்று வைத்தால் ஒன்று 4 டாலர் சொச்சம். பதினைந்து பதினாறு ஆண்டும் இதே வேகம் என்றால் மொத்தச் செலவு 45,000 முதல் 50,000 டாலர். எண்ணிக்கையும் 11,000 பக்கம் வருகிறது, ஆகவே கணக்கு ஒத்துப்போகிறது. ஐம்பதாயிரம் போட்டு ஏழரை லட்சம் என்றால் யாருக்கும் கண் விரியும். ஆனால் இந்தப் பெருக்கத்தில் பாதிக்கு மேல் அவர் வாங்கிய காலத்துக்குச் சேர வேண்டியது.

ஒரு கேமின் விலைக்கு ஓர் ஆயுள் உண்டு. வெளிவரும்போது 50, 60 டாலர். அடுத்த தலைமுறைக் கருவி வந்ததும் பழையதைத் தூக்கிப் போடுகிறார்கள், விலை தரைமட்டத்துக்கு இறங்குகிறது. பதினைந்து இருபது ஆண்டு கழித்து, சின்ன வயதில் அதை விளையாடியவர்கள் சம்பாதிக்க ஆரம்பித்து, திரும்ப வாங்க வருகிறார்கள். அப்போது ஏறுகிறது. எல்லாக் கேமும் ஏறுவதில்லை. பள்ளத்தில் விழுந்து அங்கேயே கிடப்பவைதான் அதிகம், குறிப்பாக ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும் விளையாட்டுப் போட்டிக் கேம்கள். தாமசன் வாங்கியது கார்ட்ரிட்ஜ் யுகம் முழுவதும் அந்தப் பள்ளத்தில் கிடந்த நேரம். வீட்டு வாசல் விற்பனைகளிலும் தள்ளுபடித் தொட்டிகளிலும் கிடைத்தவை. இன்று அதே பட்டியலைச் சேர்க்கப் புறப்படுகிறவருக்கு நான்கு டாலர் சராசரி கனவிலும் கிடைக்காது.

இதனால்தான் விலைக்கணக்கில் முதல் பத்தி 'இன்றைய விலை' அல்ல, 'வாங்கிய விலை' என்று நான் சொல்வேன். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அனுப்பும் செலவு மூன்றும் அன்றே எழுதப்பட வேண்டும். பல சேகரிப்பாளர்கள் இதை எழுதுவதே இல்லை. செயலி காட்டும் மொத்தம் 6,000 டாலர் என்றால் ஆறாயிரமும் லாபம் போல மனசு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அதற்காக 7,000 கொடுத்திருக்கலாம்.

சராசரி எதையும் சொல்லாது

7,50,250ஐ 11,000ஆல் வகுத்தால் ஒரு கேமுக்கு 68 டாலர். அந்தத் தொகுப்பில் 68 டாலர் பெறுமான கேம் எத்தனை இருந்திருக்கும்? மிகக் குறைவு. எந்தப் பெரிய தொகுப்பை எடுத்தாலும் மேலே சில நூறு கேம்கள் மொத்த மதிப்பின் பெரும்பகுதியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே ஆயிரக்கணக்கில் ஐந்து டாலருக்கும் பத்து டாலருக்கும் போகக்கூடியவை இருக்கும். ஆகவே கணக்கு வைப்பவர் உழைப்பை எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் வீண். மேல்வரிசைக் கேம்களுக்கு ஒவ்வொன்றாக நேரம் கொடுக்க வேண்டும். அடிவரிசையை மொத்தமாக ஒரு தொகை போட்டுவிட்டு நகரலாம்.

தாமசன் தொகுப்பின் எடை வேறோர் இடத்தில் இருந்தது. ஏல விவரத்தில் 8,300க்கும் மேற்பட்ட கேம்களுக்கு அசல் பெட்டியும் கையேடும் இருப்பதாகவும், 2,600க்கும் மேற்பட்டவை சீல் பிரிக்காதவை என்றும் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கையைவிட இதுதான் விலையைத் தீர்மானித்திருக்க வேண்டும்.

இந்தச் சந்தையில் ஒரே கேமுக்குக் குறைந்தது மூன்று விலை உண்டு. கார்ட்ரிட்ஜோ டிஸ்க்கோ மட்டும் இருந்தால் 'லூஸ்'. பெட்டி, கையேடு எல்லாம் சேர்ந்திருந்தால் 'சிஐபி'. தொழிற்சாலைச் சீல் அப்படியே இருந்தால் 'சீல்டு'. இந்த மூன்றுக்கும் இடையிலான தூரம் கருவிக்குக் கருவி மாறும். நின்டெண்டோ நிறுவனத்தின் என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 கருவிகளுக்கான கேம்கள் அட்டைப் பெட்டியில் வந்தன. குழந்தைகள் பிரித்த அன்றே பெட்டி குப்பைக்குப் போனது. அதனால் அங்கே பெட்டியின் விலை சில நேரம் கார்ட்ரிட்ஜின் விலையையே தாண்டும். செகா ஜெனிசிஸ் கேம்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் உறையில் வந்தன. உறையிலேயே கார்ட்ரிட்ஜை வைத்துப் பழகியதால் பெட்டியோடு தப்பிப் பிழைத்தவை ஏராளம், விலை இடைவெளியும் சின்னது. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளுக்கும் இதே கதைதான்.

'எர்த்பவுண்ட்' இதற்கு நல்ல உதாரணம். 1995இல் அமெரிக்காவில் வந்த சூப்பர் நின்டெண்டோ கேம். விற்பனை ஏறத்தாழ 1,40,000 பிரதிகள், அன்றைக்கு அது தோல்வி. வழக்கத்தைவிடப் பெரிய அட்டைப் பெட்டியில், முழு வழிகாட்டிப் புத்தகத்தோடு விற்றார்கள். புத்தகத்தின் கடைசியில் சுரண்டி முகர்ந்து பார்க்கும் வாசனை அட்டைகள் இருந்தன. பின்னால் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' கேமில் இதன் நாயகன் நெஸ் வந்ததால் புதிய தலைமுறைக்கு ஆர்வம் பிறந்தது. இன்று கார்ட்ரிட்ஜ் மட்டும் சில நூறு டாலர். பெரிய பெட்டி, புத்தகம் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். வாசனை அட்டை சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று கேட்டு அதற்கும் விலை பேசுவார்கள். உங்கள் பட்டியலில் 'எர்த்பவுண்ட் - சிஐபி' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இவை எதுவும் பதிவாகாது. பெட்டி இருக்கிறது, மூலை நசுங்கியிருக்கிறது, புத்தகம் இருக்கிறது, வாசனை அட்டை சுரண்டியிருக்கிறது என்று எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தால்தான் அது கணக்கு.

தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்' இருக்கிறது. 1987இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட, ஒரு பாயைக் காலால் மிதித்து ஆடும் என்இஎஸ் கேம். அந்தப் பாயின் உரிமையை நின்டெண்டோ வாங்கி, 'பவர் பேட்' என்று பெயர் மாற்றி, கேமையும் 'வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்' என்ற பெயரில் விட்டது. பழைய பெயரில் இருந்தவை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் சுமார் 200 பிரதிகள்தான் விற்றிருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. அமெரிக்கப் பிரதி ஆயிரக்கணக்கான டாலர். ஐரோப்பாவில் வந்த பிரதி இதன் ஒரு சின்னப் பங்குதான் பெறும். 'வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்' என்ற பெயரில் உள்ள அதே ஆட்டம் சில்லறைக் காசு. செயலியில் முதலில் வருகிற பெயரைத் தட்டிவிட்டுப் போகிறவர், ஒரே விரலசைவில் தன் தொகுப்பின் மதிப்பைச் சில ஆயிரம் டாலர் ஏற்றிவிடலாம்.

இந்த இடத்தில் நம்மூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் 'டிவி கேம்' என்று ஓடியவை பெரும்பாலும் நின்டெண்டோ கருவியின் நகல்கள். 'கேசட்' என்று நாம் சொன்ன, 9999 கேம் இருப்பதாக அட்டையில் அச்சிட்ட கார்ட்ரிட்ஜ்களை நின்டெண்டோ விலைப்பட்டியலில் தேடிப் பிரயோஜனமில்லை. இந்தியாவில் முறையாக விற்ற பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் ஐரோப்பாவைப் போலவே பிஏஎல் என்ற டிவி ஒளிபரப்பு முறை உள்ள பகுதியைச் சேர்ந்தவை. அமெரிக்கப் பதிப்பின் விலையை அவற்றுக்குப் போடக்கூடாது. பல தலைப்புகளில் பிஏஎல் பதிப்பு கணிசமாகக் குறைவு.

விலை எங்கிருந்து வருகிறது

விற்பனைக்கு வைத்திருக்கும் விலையும் விற்ற விலையும் வேறு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பாதிப் பேர் இன்னும் ஈபேயில் முதலில் கண்ணில் படும் தொகையை எடுத்துக் கணக்கில் போடுகிறார்கள். 200 டாலர் என்று எழுதி மூன்று ஆண்டாக விற்காமல் கிடக்கும் கார்ட்ரிட்ஜ் எதற்கும் சான்றல்ல. ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில்கூட ஒரு சிக்கல் உண்டு: பேரம் பேசி முடித்த விற்பனைகளில் முதலில் கேட்ட விலைதான் அடித்துக் காட்டப்படும், உண்மையில் கைமாறிய தொகை அங்கே தெரியாது.

பிரைஸ்சார்ட்டிங் என்ற தளம் 2007 முதல் இந்த வேலையைத் தானாகச் செய்கிறது. முடிந்த விற்பனைகளை எடுத்து, லூஸ், சிஐபி, புதிது, தரச்சான்று பெற்றது (நிலையைச் சோதித்து மதிப்பெண் கொடுத்தது) என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் காலப்போக்கில் அது நகர்ந்த வரைபடமும் கொடுக்கிறது. உங்கள் தொகுப்பைப் பதிந்தால் மொத்தத்தையும் கூட்டிக் காட்டும். இன்று இந்தச் சந்தையில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேரம் பேசும்போது இருவர் கைப்பேசியிலும் திறந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நல்ல கருவி. ஆனால் அது காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் விற்பனை அடர்த்தியும் இருக்கும்: நாளுக்கு மூன்று விற்பனை, வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு இரண்டு என்று. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாளுக்கு மூன்று விற்கும் 'சூப்பர் மாரியோ 64' லூஸ் கார்ட்ரிட்ஜின் விலையை நம்பலாம். ஆண்டுக்கு இரண்டு விற்கும் ஒரு செகா சாட்டர்ன் கேமின் விலை, கடைசியாக வாங்கிய ஒருவரின் அவசரத்தை மட்டும் சொல்கிறது. அப்படிப்பட்டவற்றுக்கு ஒரே எண் எழுதாமல், கடைசியாக விற்ற சில விலைகளையும் தேதிகளையும் எழுதி, கீழ் எல்லையைக் கூட்டலுக்கு எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

போலி இன்னொரு தொல்லை. கேம்பாய் அட்வான்ஸ் போக்கிமான் கார்ட்ரிட்ஜ்களில் நகல் மலிந்து கிடக்கிறது. லேபிளின் அச்சு, அதில் அழுத்திப் பதித்த சின்ன எண், பின்பக்கத் திருகு, உள்ளே இருக்கும் பலகையில் நின்டெண்டோ பெயர் என்று பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். திருகைத் திறக்கத் தனி முனை கொண்ட திருப்புளி தேவை, அது சில டாலர்தான். நூறு டாலரைத் தாண்டும் எதையும் திறந்து, பலகையைப் படம் எடுத்து, பட்டியலோடு சேர்த்து வைப்பவர்களிடம் வாங்குபவர் அதிகம் பேரம் பேசுவதில்லை.

2021: தலைப்புச் செய்தியும் அலமாரியும்

தாமசன் ஏலம் நடந்து ஏழு ஆண்டு கழித்து இந்தச் சந்தை தலைகீழானது. கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் பழைய கேம்களைத் தேடினார்கள், லூஸ் கார்ட்ரிட்ஜ்களே கணிசமாக ஏறின. அது ஒரு கதை. அதற்கு மேலே, சீல் பிரிக்காத கேம்களைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து மதிப்பெண் கொடுக்கும் வாட்டா நிறுவனமும், டல்லாஸின் ஹெரிடேஜ் ஏல நிறுவனமும் சம்பந்தப்பட்ட வேறொரு கதை ஓடியது.

2019 பிப்ரவரியில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' சீல் பிரதி ஒன்று 1,00,150 டாலருக்குப் போனது. வாங்கிய குழுவில் ஹெரிடேஜ் நிறுவனர்களில் ஒருவரான ஜிம் ஹால்பெரினும் இருந்தார். 2021 ஏப்ரலில் அதே கேமின் இன்னொரு பிரதி 6,60,000 டாலர். ஜூலையில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' 8,70,000. இரண்டே நாளில் 'சூப்பர் மாரியோ 64', வாட்டா மதிப்பெண் 9.8, 15,60,000 டாலர். ஆகஸ்டில் பங்கு போட்டு வாங்கும் ராலி தளம் வழியாக ஒரு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 20 லட்சம். அதாவது தாமசனின் 11,000 கேமும் சேர்ந்து பெற்றதைப் போல இரண்டு மடங்கு, ஒரே ஒரு 'சூப்பர் மாரியோ 64'க்கு. அதுவும் உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் விற்ற, எங்கும் கிடைக்கும் கேமுக்கு.

அந்த மதிப்பெண்ணில் மொத்தம் எத்தனை பிரதி இருக்கின்றன என்ற எண்ணிக்கையை வாட்டா அப்போது பொதுவில் வெளியிட்டிருக்கவில்லை. நாணயம், பேஸ்பால் கார்டு சேகரிப்பவர்களுக்கு அடிப்படையான தகவல் அது. அதே ஆகஸ்டில் கார்ல் ஜோப்ஸ்ட் என்ற யூடியூபர் விலை ஏற்றப்பட்டதாகக் குற்றம்சாட்டிக் காணொளி போட்டார். வாட்டாவும் ஹெரிடேஜும் மறுத்தன. 2022இல் வாட்டா மீது கலிபோர்னியாவில் வழக்கும் தொடரப்பட்டது. யார் சொன்னது சரி என்பதைவிட ஒரு வீட்டு அலமாரிக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஒன்றுமில்லை. உங்கள் 'சூப்பர் மாரியோ 64' லூஸ் கார்ட்ரிட்ஜ் அந்த ஜூலைக்கு முன்பும் பின்பும் சில பத்து டாலர்தான். ஆனால் செய்தியைப் பார்த்தவர்கள் தங்கள் பரணில் இருந்ததை ஆயிரக்கணக்கில் விலை போட்டு ஈபேயில் ஏற்றினார்கள், அவற்றைப் பார்த்து இன்னும் சிலர் தங்கள் கணக்கை ஏற்றிக்கொண்டார்கள். 2021 விலையில் ஒரு முறை மட்டும் மதிப்பிட்டு, அதற்குப் பிறகு தொடாத பட்டியல்களை இன்றும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், தரச்சான்று பெற்ற சீல் கேம்களை மற்றவற்றோடு ஒரே கூட்டலில் சேர்க்கவே கூடாது. அதை வாங்குகிற ஆட்கள் வேறு, விலை ஏறி இறங்கும் காரணமும் வேறு.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் 2014ஐச் சேர்ந்ததே. 1983இல் அடாரி நிறுவனம் விற்காத கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அதைத் தோண்டி சுமார் 1,300 கேம்களை எடுத்தார்கள். நசுங்கி, அழுக்கேறி, நாற்றமடித்தவை. எண்ணூறுக்கும் மேற்பட்டதை நகர நிர்வாகம் சான்றிதழோடு ஈபேயில் விற்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. ஒரு 'ஈ.டி.' 1,500 டாலரைத் தாண்டியது. சுத்தமான, ஓடக்கூடிய 'ஈ.டி.' கார்ட்ரிட்ஜ் வெளியே சில டாலருக்குக் கிடைக்கும்போது! இங்கே விற்றது சான்றிதழ்தான், கார்ட்ரிட்ஜ் அதற்கு உறை. வீட்டுத் தொகுப்பிலும் இது சிறிய அளவில் உண்மை: வாங்கிய கடையின் ரசீது, போட்டியில் பரிசாக வந்ததற்கான கடிதம் போன்றவை இருந்தால் கேமோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

மொத்தமாக விற்றால் என்ன ஆகும்

இப்போது தாமசனிடம் திரும்பலாம். பொதுவாக ஒரு பெரிய தொகுப்பை மொத்தமாக விற்றால், தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையில் பாதி வந்தாலே நல்ல விற்பனை. பழைய நகையைக் கடையில் போட்டால் கல்லையும் அழுக்கையும் கழித்துத்தான் எடை போடுவார்கள் இல்லையா, அதே கழிப்பு இங்கேயும் உண்டு. வாங்குபவர் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், துடைக்க வேண்டும், படம் எடுத்துப் பட்டியலிட வேண்டும், அனுப்ப வேண்டும். அடிவரிசை ஆயிரங்கள் விற்காமல் இடத்தை அடைக்கும். கேம் கடைகள் ரொக்கமாகத் தருவது சந்தை விலையில் பாதி, பல நேரம் அதற்கும் கீழே.

தாமசனின் ஏலம் இந்தக் கழிப்பிலிருந்து தப்பியதற்குக் காரணம், அங்கே விலைக்கு வந்தது 11,000 கேம்கள் மட்டும் இல்லை. 'உலகின் மிகப் பெரியது' என்ற கின்னஸ் பட்டமும் சேர்ந்து வந்தது. ஒரு டாலரில் தொடங்கியதால் உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் எழுதின. சில கருவிகளுக்கு வெளிவந்த கேம்கள் முழு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பல ஆண்டு ஆகும் வேலையை ஒரே நாளில் வாங்கலாம் என்ற கவர்ச்சி அது. பட்டமோ காலாவதி ஆகக்கூடியது. 2019இல் டெக்சாஸின் அன்டோனியோ ரொமேரோ மான்டெய்ரோ 20,139 கேம்களோடு அந்தச் சாதனையைத் தாண்டிப் போனார். 2014இல் இருந்த விலையில் எவ்வளவு பட்டத்துக்கு, எவ்வளவு கேமுக்கு என்று யாராலும் பிரிக்க முடியாது. பட்டம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு முழுக் கழிப்பும் உண்டு என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

தனித்தனியாக விற்றாலும் முழுத் தொகை கையில் வராது. 100 டாலருக்கு ஒரு சிஐபி கேம் ஈபேயில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கட்டணம் சுமார் 13 சதவீதம், அதுவும் வாங்குபவர் கட்டும் அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைமேல். பெட்டி நசுங்காமல் அனுப்ப அட்டை, குமிழித் தாள், காப்பீடு. போட்ட நேரத்தை விட்டாலும் கையில் நிற்பது 80 டாலர் பக்கம். பத்து டாலர் கேமில் இதே கணக்குப் போட்டால் ஐந்தாறு டாலர். அதனால்தான் அடிவரிசைக் கேம்களைத் தனியாக விற்காமல் இருபது முப்பதாகக் கட்டி 'லாட்' ஆகத் தள்ளிவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு தொகுப்புக்கு ஒரு மதிப்பு என்று பேசுவதே எனக்கு ஒப்பவில்லை. மூன்று எண்கள் வேண்டும். வீடு தீப்பிடித்தால் இதே நிலையில் இவற்றைத் திரும்ப வாங்க எவ்வளவு ஆகும் என்பது ஒன்று, காப்பீட்டுக்கு அதுதான் தேவை, மூன்றிலும் அதுவே பெரியது. ஆற அமர ஒரு ஆண்டு எடுத்துத் தனித்தனியாக விற்றால், கட்டணம் போகக் கையில் நிற்பது இரண்டாவது. அடுத்த வாரமே பணம் தேவை, கடைக்காரர் வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனால் கிடைப்பது மூன்றாவது. செயலி 10,000 டாலர் என்று காட்டும் ஒரு தொகுப்புக்கு முதல் எண் பத்தாயிரத்துக்குச் சற்று மேலே, இரண்டாவது ஏழாயிரத்துச் சொச்சம், மூன்றாவது நாலாயிரம் அல்லது ஐந்தாயிரம் என்று வருவது சாதாரணம். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருட்களுக்கு வரம்பு வைத்திருக்கலாம். தனியாகச் சேர்க்கச் சொன்னால் படமும் பட்டியலும் கேட்பார்கள். தேய்மானம் கழித்துத் தருகிற ஒப்பந்தமா, திரும்ப வாங்கும் விலையைத் தருகிற ஒப்பந்தமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அலமாரியில் வைத்ததும் மாறும்

தொகுப்பை ஒரு முறை பதிந்துவிட்டால் நிலை அப்படியே இருக்கும் என்று பட்டியல் நினைக்கிறது, பொருள் அப்படி நினைப்பதில்லை. பழைய கார்ட்ரிட்ஜ்களில் சேமித்த ஆட்டத்தைக் காப்பது பலகையில் பற்றவைத்த ஒரு பொத்தான் பேட்டரி. அது செத்தால் சேமிப்பு போகும். மாற்றலாம், ஆனால் மோசமாகப் பற்றவைத்தால் விலை குறையும். டிஸ்க்குகளில் உள்ளே இருக்கும் உலோகப் படலம் அரித்துப் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். அட்டைப் பெட்டி வெயிலில் வெளுக்கும், ஈரத்தில் உப்பும். சீல் பிளாஸ்டிக் இறுகிப் பெட்டியையே வளைத்துவிடும்.

வெளியே நடப்பதும் சேரும். ஒரு பழைய கேம் புதிய கருவியில் மறுபடி வந்தால், விளையாடுவதற்காக மட்டும் வாங்க நினைத்தவர்கள் விலகிப் போவார்கள். 'எர்த்பவுண்ட்' 2013இல் நின்டெண்டோவின் வீ யூ கருவியில் டிஜிட்டலாக வந்தது, 2022இல் அதன் ஸ்விட்ச் கருவிக்கான சந்தாவிலும் வந்தது. அப்படியும் பெரிய பெட்டியின் விலை சரியவில்லை, அதை வாங்குகிறவர்கள் விளையாட வாங்கவில்லை என்பதால். மாறாக 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ இணையக் கடைகளை மூடியபோது, அவற்றின் சில கார்ட்ரிட்ஜ்களுக்கும் டிஸ்க்குகளுக்கும் தேவை கூடியது. இப்படிப்பட்ட அறிவிப்பு வரும் வாரத்தில் விலையைப் பார்த்துப் பட்டியலைத் திருத்துவது தப்பு. பரபரப்பு அடங்க இரண்டு மூன்று மாதம் விட வேண்டும்.

மதிப்பை நாள்தோறும் பார்க்கத் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே மாதங்களில், மேல்வரிசைக் கேம்களுக்கு மட்டும் விற்ற விலைகளைப் புதுப்பித்தால் போதும். பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். நான்கைந்து ஆண்டில் எந்தக் கேம் ஏறுகிறது, எது தூங்குகிறது என்று உங்கள் கையாலேயே ஒரு வரலாறு சேர்ந்துவிடும். அடாரி, என்இஎஸ் காலத்தவை சிலவற்றில் விலை ஏற்கெனவே சோர்ந்திருப்பதும் அதில் தெரியலாம். அவற்றைச் சின்ன வயதில் விளையாடியவர்கள் இப்போது வாங்குவதை நிறுத்தி விற்கத் தொடங்கும் வயதில் இருக்கிறார்கள்.

பட்டியலின் ஒரு நகலை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள், மூன்று எண்களோடும், எந்தக் கேமைத் தனியாக விற்க வேண்டும், எவற்றைக் கடையில் மொத்தமாகப் போடலாம் என்ற குறிப்போடும். கேம் என்றாலே தெரியாத ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு விற்றாலும், 'ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்' ஐந்து டாலர் தொட்டிக்குள் போகாமல் இருக்க வேண்டும்.